நீலப்பூச் சட்டியும் நோர்மன் பிம்மின் றிவோல்வரும்

மவுண்ட் ரோஸ்கில்,
ஒக்லாந்து.
18.08.1996, ஞாயிறு, பூசைக்குப் பின், சாப்பாட்டுக்கு முன்.

என் அன்புக்கும் என்னை அதட்டுவதற்கும் உரிய மருமகள் றோஷினிக்கு,

பசிபிக் சமுத்திரத்தின் தென்கோடியில், மூன்று அறையும் ஓர் ஒழுக்கும் கொண்ட அரண்மனையில் வீற்றிருக்கும் உன் தாய்மாமன் பெனடிக்ற் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அன்னம் மாமியும் மழையும் சுகம். அங்கே நீயும் அக்காவும் அக்காவின் முழங்கால் நோவும் எப்படி என்று அறிய ஆவல். நோவைக் கொஞ்சம் குறைத்துத் தரும்படி மடுமாதாவிடம் கேட்டிருக்கிறேன். அவவுக்கும் வேலை கூட, மெல்ல மெல்லத்தான் பார்ப்பா.

உன் கடிதம் கிடைத்தது. நாலே வரி. மூன்று வரி சுகம் விசாரிப்பு, நாலாவது வரி குற்றப்பத்திரிகை. போன நத்தாருக்கு நாங்கள் மெல்பேர்ண் வந்து திரும்பும்போது உன் அம்மா றிச்கேக் வைத்துத் தந்த அந்த நீலப்பூப் போட்ட மூடிச்சட்டி எங்கே, எட்டு மாதமாகக் காணவில்லையே, அம்மா நெடுகக் கேட்கிறா என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. அதற்கு நான் சொல்லப்போகும் பதிலை நீ நம்பமாட்டாய், அக்கா நம்பமாட்டா, மெல்பேர்ண் சனம் முழுவதையும் ஒரு மைதானத்தில் கூட்டிவைத்து ஒலிபெருக்கியில் வாசித்தாலும் ஒரு குருவிகூட நம்பாது. இதை என் தலையில் கைவைத்து உறுதியாகச் சொல்கிறேன். தலையில் மயிர் இல்லாதபடியால் சத்தியம் வழுக்கிவிடாமல் இருக்க இரண்டு கையையும் வைத்திருக்கிறேன். ஆகையால் இந்த வரியை எழுதியது மூக்கால் என்று வைத்துக்கொள்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நோர்மன் பிம் என்று ஒரு வெள்ளைக்காரர் தனியே இருக்கிறார். வயது எண்பத்திரண்டு. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம். ஒரே மகள் ஷேர்லி ஹமில்ற்றனில் இருக்கிறா, கிழமைக்கு ஒருதரம் கார் ஓடிவந்து பார்த்துப்போவா. உன் மாமி மிளகாய் வறுக்கிற நாட்களில் இந்த மனுசன் தன் வீட்டுக்குள் இருந்து இருமுகிற இருமலில் எங்கள் வீட்டுக் கோப்பைகள் கிலுங்கும். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் மாமி முதன்முதல் எட்டு றோல்ஸ் சுட்டு, கையில் அகப்பட்ட உன் அம்மாவின் சட்டியில் வைத்து, என்னைத் தூதனாக்கி அனுப்பினாள். அடுத்தநாள் காலையில் பிம் அந்தச் சட்டியை முகம் தெரியக் கழுவி, துடைத்து, வேலிக்கு மேலால் நீட்டினார். மாமி மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. நீ மாமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யேசுவின் கல்லறை திறந்து கிடக்கக் கண்ட மூன்று பெண்களும் அவ்வளவு திடுக்கிட்டிருக்கமாட்டார்கள். வாய் சும்மா இருக்குமா அவளுக்கு? அந்த இடத்திலேயே, தனக்குத் தெரிந்த நாற்பது ஆங்கிலச் சொல்லையும் செலவழித்து, எங்கள் பக்கத்தில் சாப்பாடு வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிற வழக்கம் இல்லை, ஒரு கிள்ளுச் சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம், வெறுஞ்சட்டி போனால் அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம் என்று பாடம் எடுத்தாள். மனுசன் தொப்பியைக் கழற்றிக் கேட்டார். சட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய் மூன்று எலுமிச்சம்பழம் வைத்துக் கொண்டுவந்து, மன்னிப்பும் கேட்டார்.

அன்றோடு பிம்முக்குப் பத்துக் கட்டளை பதினொன்றாகிவிட்டது. றோல்ஸ் போனால் எலுமிச்சை வரும். கட்லற் போனால் பீஜோவாப் பழம் வரும். சட்டி கொள்ளாமல் வீல்பரோ வண்டியில் வரும். அந்த ஏப்ரல் முழுக்க நாங்கள் பீஜோவாவில் ஜாம் வைத்தோம், சட்னி அரைத்தோம், கறி வைத்தோம், கடைசியில் குளிக்கும் தொட்டிக்குள்ளும் பீஜோவாதான், நான் ஒரு கிழமை குளிக்கவில்லை. மே மாதம் பழம் முடிந்தது, மார்மலேட் வந்தது. யூன் மாதம் மார்மலேட் முடிந்தது, காலஞ்சென்ற மனைவி பின்னாமல் விட்ட கம்பளி நூல் உருண்டைகள் வந்தன. பிறகு ஒரு சைக்கிள் மணி. பிறகு மழை வருமா என்று சொல்கிற சுவர்க் கருவி ஒன்று. ஒக்லாந்தில் அதற்கு வேலையே இல்லை, வரும் என்று சொன்னால் எப்போதும் சரி. இனி நிறுத்துவம் அன்னம், அந்தாள் பாவம், வீடு வெறுமையாகுது என்று நான் சொன்னேன். மாமி விட்டாளோ? சுவர்க் கருவிக்கு றோல்ஸ் காணாது என்று நண்டுக்கறிக்குப் போனாள்.

நண்டுக்கறி போனது யூலை மாதத்து ஒரு புதன்கிழமை. வியாழன் மத்தியானம் பிம் வேலியால் வரவில்லை, முன்வாசலால் வந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். இரண்டு கையாலும் ஒரு மரப்பெட்டியைத் தாங்கி, அதன்மேல், யானைமேல் அம்பாரி வைத்ததுபோல, உன் அம்மாவின் சட்டி. மேசையில் வைத்துவிட்டு, வீட்டில் இனி வேறொன்றும் இல்லை என்று தன் பாஷையில் சொல்லி, திரும்பி நடந்தார். மாமி சட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்னச் சாவி. சாவி பெட்டிக்குப் பொருந்தியது. பெட்டியைத் திறந்தோம்.

றோஷினி, இந்த இடத்தில் நீ ஒரு வாய் தண்ணீர் குடி.

பச்சைக் கம்பளித் துணி போர்த்திய அறைகள். நடுவில், தொட்டிலில் பிள்ளை கிடந்ததுபோல, ஒரு றிவோல்வர். எட்டுப்பட்டைக் குழல், அஞ்சு குண்டுக்கு அஞ்சு கண், பிடியில் மரத்தில் சின்னச் சின்னச் சதுரமாய்ச் செதுக்கு, இரும்பிலே பூவும் கொடியும் ஓடியிருந்த வேலைப்பாடு. சுற்றிவர அதன் பரிவாரங்கள்: செம்பினால் ஒரு வெடிமருந்துக் குடுவை, குறடுபோல ஒரு குண்டு வார்க்கும் அச்சு, ஓர் எண்ணெய்ப் போத்தல், ஒரு திருப்புளி, குழல் துடைக்கும் தடி, தீப்பொறி கொடுக்கும் தொப்பிபோன்ற செப்புக் கேப்புகள் வைக்கிற வட்டத் தகரம். மூடியின் உள்ளே, செய்தவரின் பெயர் அச்சடித்த மஞ்சள் காகிதம். தோட்டா என்ற சாமான் பிறக்கு முன்னர் செய்தது. பிம்மின் பாட்டன் கப்பலில் கொண்டுவந்தது. பிறகு விளங்கியபடி, இதைச் சுடுவதென்றால் ஒவ்வொரு கண்ணிலும் மருந்து கொட்டி, குண்டை வைத்து இடித்து, பின்பக்கம் கேப்பு மாட்டி, அஞ்சு தரமும் இப்படியே செய்ய வேண்டும். அதுவரைக்கும் எதிரி தேத்தண்ணி குடித்துக்கொண்டு மரியாதையாகக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த வியாழன் மத்தியானம் எங்களுக்கு இதொன்றும் தெரியாது. மாமி கேட்டாள்:

"என்னப்பா இது?"

"துவக்கு."

"துவக்கெண்டு எனக்கும் தெரியும். அது ஏன் எங்கட மேசையில கிடக்குது?"

நீ சின்னப்பிள்ளையாக வெளிக்கிட்டவள், உனக்கு விளங்காது. ஊரில் இரண்டு பேனா பற்றறி வைத்திருந்ததற்கே நாலு சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்லி, நாலு இடத்திலும் வெவ்வேறு விளக்கம் சொல்லித் தப்பி வந்த ஆட்கள் நாங்கள். இந்த நாட்டில் இவ்வளவு பழைய துவக்குக்கு அனுமதிப் பத்திரமே தேவையில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றேன். மாமி சீறினாள்.

"தந்த சாமானைத் திருப்பிக் குடுக்கிறதோ? அந்த மனுசன் துடிச்சுப் போகும். பேசாமல் மறைச்சு வையுங்கோ."

பகல் இரண்டு மணிக்கு, மழைத் தூறலில், மாமியின் சில்வர்பீற் கீரைப் பாத்தியில் குழி தோண்டினேன். ஊரில் பயம் வந்தால் எது செய்வோமோ அதையே கை தானாகச் செய்தது. றிவோல்வரை என் பழைய சாரத்தில் சுற்றி, பத்துக் கிலோ பாஸ்மதிப் பைக்குள் போட்டு, கட்டி, இறக்கினேன். நிமிர்ந்தால் வேலிக்கு மேலே பிம்மின் தலை. உருளைக்கிழங்கோ என்று கேட்டார். ஓம் என்றேன். கிழங்குக்கு அவ்வளவு ஆழம் வேண்டாமே என்றார். எங்கள் கிழங்குக்கு வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, எனக்கு அன்றைக்கு விளங்காத ஒரு காரணத்துக்காக, மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

பெட்டியைப் புதைக்க மாமி விடவில்லை. பதினோரு வருடமாக ஐஸ்கிறீம் டப்பாக்களில் சரக்குத் தூள் வைத்துச் சலித்தவள். இத்தனை அறையோடு ஒரு பெட்டியை ஆண்டவரே அனுப்பியிருக்கும்போது மண்ணுக்குக் கொடுப்பாளா? றிவோல்வர் கிடந்த பள்ளத்தில் கறுவாப்பட்டை, குழல் கிடந்த நீட்டில் றம்பை இலை, கேப்புத் தகரத்தில் கராம்பு, எண்ணெய்ப் போத்தலில் கராம்பு எண்ணெய், மிச்ச அறையெல்லாம் பெருஞ்சீரகம். மருந்துக் குடுவையில் மிளகுத்தூள். அதன் வாயில் ஒரு வில் இருக்கிறது, ஒருதரம் அழுத்தினால் சரியாக ஒரு கரண்டி விழும், இப்படி ஒரு சாமானை ஆம்பிளையள் சண்டைக்கு வைத்துக்கொண்டு நாசமாக்கினாங்கள் என்று மாமிக்கு ஆத்திரம். குழல் துடைக்கிற தடி புட்டுக் குழலுக்குள் இருந்து புட்டுத் தள்ளுவதற்கென்றே பிறந்தது. குண்டு வார்க்கும் அச்சு நண்டுக்கால் உடைக்க. அந்த அச்சின் திறத்தைச் சாப்பிட வந்த இடத்தில் கண்டு, இரண்டு நாள் தா என்று இரவல் வாங்கிப் போனவர் சபாரத்தினம். ஈஸ்ட் டாமாக்கியில் நான் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிற களஞ்சியத்தில் என் மேற்பார்வையாளர். மேற்பார்வையாளருக்கு இல்லையென்று சொல்ல ஏலுமோ?

இப்படியே இரண்டு கிழமை உலகத்தில் சமாதானம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஷேர்லி என்னை மறித்தா. கண் சிவந்திருந்தது. அப்பா வீட்டுச் சாமானையெல்லாம் யாருக்கோ கொடுக்கிறார், அம்மாவின் நூல் இல்லை, சுவர்க் கருவி இல்லை, இப்போது பாட்டனின் துப்பாக்கிப் பெட்டியும் இல்லை, எங்கே என்று கேட்டால் சட்டி வெறுமையாகப் போகக்கூடாது என்று மட்டும் சொல்கிறார், புத்தி தடுமாறிவிட்டது என்று நினைக்கிறேன் என்றா. வருகிற சனிக்கிழமை பழைய ஆயுதங்கள் சேகரிக்கிற ஒருவரைக் கூட்டிவருகிறாவாம். பெட்டி முழுதாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் இந்த வீட்டை விற்று அப்பாவை ஹமில்ற்றனில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வழியில்லை, இடமும் பார்த்தாயிற்று என்றா. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் துவக்கு என்ற சொல்லுக்கு முன்னால் என் நாக்கு சுருண்டு படுத்துவிடும் பழக்கம் உடையது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மாமி கேட்டதும் அடுப்பை நிறுத்தினாள். முப்பது வருடத்தில் அவள் பாதிச் சமையலில் அடுப்பை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. "சாப்பாடு குடுத்து ஒரு மனுசனை விசரனாக்கிப்போட்டம்," என்றாள். பிறகு ஐந்து நாள் எங்கள் வீட்டில் நடந்ததை வரலாற்றாசிரியர்கள் எழுதட்டும். கறுவாவும் றம்பையும் வெளியே வந்தன, கம்பளித் துணியைப் பல் விளக்கும் பிறஸ்ஸால் துடைத்தோம், ஆனால் பெருஞ்சீரக வாசம் போகமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் இருந்தது. சபாரத்தினத்திடம் அச்சைக் கேட்டால், அவர் நல்ல மனசில் களஞ்சியத்து மெசினில் போட்டு மினுக்கி வைத்திருந்தார். நூற்றைம்பது வருடக் கறுப்பு முழுவதும் போய், முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன், அவர் நன்றி சொல்கிறேன் என்று நினைத்தார்.

எல்லாம் சேர்ந்தது. றிவோல்வர் மட்டும் இல்லை. புதைத்த இடத்துக்கு அடையாளமாக ஒரு பெரிய கீரைச் செடியை மனதில் வைத்திருந்தேன். அந்தக் கீரையை உன் மாமி எப்போதோ பருப்போடு கடைந்துவிட்டாள். தோண்டினேன். வலப்பக்கம் தோண்டினேன், இடப்பக்கம் தோண்டினேன், இன்னும் இரண்டு அடி போயிருந்தால் பூமிக்கு மறுபக்கத்து ஸ்பெயின்காரரின் குசினித் தரையால் தலையை நீட்டி வணக்கம் சொல்லியிருப்பேன். மழை வேறு. வெள்ளிக்கிழமை பின்னேரம் பாத்தி முழுக்கக் குளமாகி இரண்டு தாரா பறந்துவந்து இறங்கி நீந்தத் தொடங்கிவிட்டன.

சனிக்கிழமை பதினொரு மணி. பிம்மின் வீட்டு ஹோலில் பிம், ஷேர்லி, சேகரிப்பாளர். பிம் சவரம் எடுத்து, மறுபடியும் கழுத்துப்பட்டி கட்டி, தீர்ப்புக்கு வந்தவர்போலக் கதிரை நுனியில் இருந்தார். நானும் மாமியும் பெட்டியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தோம். ஷேர்லியின் முகம் ஒருக்கால் மலர்ந்தது. சேகரிப்பாளர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு திறந்தார். மூக்கைச் சுளித்தார். துணியை மணந்தார். பழைய எண்ணெய் மணக்க வேண்டிய இடத்தில் இது என்ன என்று மெல்லிய குரலில் கேட்டு, அச்சை எடுத்து, அதன் மினுக்கத்தில் தன் முகத்தைப் பார்த்து, கண் கலங்கினார். அச்சின் குழிக்குள் இருந்து ஒரு துண்டு நண்டு ஓடு விழுந்தது. அதைக் குறட்டால் எடுத்து ஒரு காகித உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டார், ஏன் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. பிறகு குடுவையை முகத்துக்கு நேரே பிடித்து வில்லை அழுத்தினார். மாமி எல்லாவற்றையும் வெறுமையாக்கினவள், அந்த மிளகுக் குடுவையை மட்டும் மறந்துபோனாள். மனுசன் நாற்பத்தொரு தும்மல் தும்மினார். இருபதாவது தும்மலில் சுவரில் மகாராணியின் படம் சரிந்தது. முப்பதாவதில் மூன்று வீடு தள்ளி ஒரு காரின் அலாரம் அழத் தொடங்கியது.

தும்மல் ஓய்ந்ததும் அவர் பெட்டியின் நடுவில் இருந்த பள்ளத்தைக் காட்டினார். றிவோல்வர் எங்கே?

ஷேர்லி தகப்பனைப் பார்த்தா. பிம் அமைதியாகச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் கதையில் தருகிறேன், அழகு கூடியிருந்தால் அது என் குற்றம்:

"அது பெனடிக்ற்றின்ரை கீரைப் பாத்தியில இருக்கு மகள். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். துணியில சுத்தி, அரிசிப் பையில போட்டு, மரியாதையா நட்டவர். பெரிய சாமான் குடுத்தால் அவையின்ரை வழக்கம் அப்பிடியாக்கும் எண்டு நான் ஒண்டும் கேட்கேல்லை. தொப்பியைக் கழட்டினன்."

ஷேர்லி கண்ணை மூடிக்கொண்டா. சேகரிப்பாளர் கையுறையைக் கழற்றி, இரக்கமாக அவவின் தோளைத் தொட்டார். அந்த அறையில் இருந்தவர்களுக்கு விசயம் முடிந்துவிட்டது. துப்பாக்கியைக் கீரைப் பாத்தியில் நடுகிறார்கள் என்று சொல்கிற கிழவரை எந்த மகள் தனியே விடுவா? நான் வாய் திறக்காவிட்டால் திங்கட்கிழமை அவர் ஹமில்ற்றனில். திறந்தால் துவக்கு மறைத்த தமிழன் நான். மாமி என் முழங்கையில் கிள்ளினாள். அந்தக் கிள்ளுத் தழும்பு வருகிற நத்தாருக்கும் இருக்கும், வந்து பார்.

"அவர் சொல்லுறது முழுக்கச் சரி," என்றேன். "நான்தான் புதைச்சனான். பயத்தில. இடம்தான் எனக்கு மறந்துபோச்சு. புத்தி தடுமாறினது ஆருக்கெண்டால் எனக்குத்தான், அவருக்கில்லை."

பிம் எழுந்தார். வீட்டுச் சப்பாத்தோடு, மழையில், எங்கள் வளவுக்குள் நடந்து, உடுப்புக் காயப்போடும் கம்பத்தடியில் நின்று, வேலியை நோக்கி ஆறு எட்டு வைத்து, பீஜோவா மரத்தை ஒருதரம் கண்ணால் அளந்து, தாரா இரண்டையும் மரியாதையாக விலகச் சொல்லி, கைத்தடியை ஊன்றினார். இங்கே என்றார். நான் மண்வெட்டியை எடுத்தேன். மூன்றாவது வெட்டில் பாஸ்மதிப் பை. சாரத்தை அவிழ்த்தால் றிவோல்வர், ஒரு துளி ஈரமில்லாமல், நித்திரைப் பாயிலிருந்து எழும்பின குழந்தையைப்போல. சேகரிப்பாளர் சேற்றில் முழங்காலில் விழுந்தார். உலகத்தில் இப்படிப் பெட்டியும் பரிவாரமும் குறையாமல் இருப்பது பதினொன்றோ பன்னிரண்டோதான், அதில் பெருஞ்சீரகம் மணப்பது இது ஒன்றுதான் என்றார்.

ஷேர்லி எங்கள் பின்படியில், ஈரத்தில், அப்படியே இருந்துவிட்டா. முதலில் அழுகிறா என்று நினைத்தோம். சிரிக்கிறா. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று மூன்றுதரம் சொன்னா. உடனே மாமி உன் அம்மாவின் சட்டி நிறைய ஆட்டிறைச்சிக் கறி போட்டு அவவின் கையில் கொடுத்து, வெறுமையாக மட்டும் திருப்பித் தராதேங்கோ என்றாள். பிம் அதைக் கேட்டுத் தலையாட்டினார், வேதம் படித்தவர் தலையாட்டுவதுபோல. வீடு விற்பதென்ற கதை அந்தச் சேற்றோடு போயிற்று. றிவோல்வர் பிம்மின் அலுமாரிக்குத் திரும்பியது, பெட்டி நிறைய மாமி பயற்றம் பணியாரம் அடுக்கித்தான் கொடுத்தாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சட்டி ஹமில்ற்றனுக்குப் போயிற்றல்லவா? ஷேர்லி அதை நிரப்பித் தன் மாமியாருக்குக் கொடுத்திருக்கிறா, வழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறா. மாமியார் நிரப்பித் தன் தங்கைக்கு, தங்கை தேன் வைத்துத் தபால்காரருக்கு. கடைசியாகத் தகவல் கிடைத்தபோது சட்டி புக்கெகோஹியில் ஒரு தோட்டக்காரரிடம், நிறைய வெங்காயத்தோடு இருந்தது. இந்த நாட்டில் இப்போது அதை வெறுமையாக வைத்திருக்க ஒருவருக்கும் துணிவில்லை, நிறைவாக வைத்திருக்க ஒருவருக்கும் உரிமையில்லை. இந்த வேகத்தில் போனால் 1999 அளவில் அது தானாகவே கடல் கடந்து மெல்பேர்ண் வந்து உங்கள் கதவைத் தட்டும். வந்தால் பயப்படாமல் திறக்கச் சொல்லு.

அக்காவின் முழங்கால் மலையேறவும், நீ எடுத்த சோதனையெல்லாம் உனக்குப் பயப்படவும், உங்கள் இருவரின் உலைமூடியும் எந்நாளும் ஆடிக்கொண்டிருக்கவும், இங்கிருந்து இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்,
பெனடிக்ற்.

பி.கு.: உறை ஒட்டுமுன் உன் மாமி இதை வாசித்துவிட்டாள். மடுமாதாவின் பெயர் போட்ட கடிதத்தில் இவ்வளவு பொய் எழுதினால் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு சனிக்கிழமை காணாது, சுவாமியாருக்கும் வேறு வேலை இருக்கு என்கிறாள். ஆகையால் கேள். அந்த றிவோல்வர் எங்கள் வீட்டு வாசல்படி மிதித்ததேயில்லை. பிம்மின் கண்ணாடி அலுமாரியில் பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது. ஒரே ஒருதரம், என் கையை இரண்டுதரம் கழுவ வைத்துவிட்டுக் காட்டினார். கீரைப் பாத்தியில் இருப்பது கீரை. மாமியின் சரக்குத் தூள் இன்னும் ஐஸ்கிறீம் டப்பாவில்தான். சேகரிப்பாளர் என்று ஒருவர் வரவுமில்லை, தும்மவுமில்லை. சபாரத்தினம் தன் பெயரை ஏன் இழுத்தாய் என்று கேட்பார், அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. ஷேர்லி கொண்டுவந்தது முதியோர் இல்லத்தின் படப் புத்தகம் மட்டும்.

ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. அந்த நண்டுக்கறி போன மறுநாள், பிம் சட்டியைக் கழுவி, வீடு முழுக்கத் தேடி, வைக்க ஒன்றும் அகப்படாமல், மூடியோடு கொண்டுவந்து வேலிக்கு மேலால் தந்தார். உள்ளே ஒரு சாவி இருந்தது. பெட்டிச் சாவியில்லை, அவரின் முன்கதவுச் சாவி. ஹமில்ற்றனில் இருக்கிற மகள், பக்கத்தில் ஒருவரிடம் சாவி இருந்தால் தன்னால் நித்திரை கொள்ள முடியும் என்று சொன்னாவாம், வைக்க வேறொன்றும் இல்லை, இதை வைத்திருக்கிறேன் என்றார். படப் புத்தகத்தை ஷேர்லி திருப்பிக் கொண்டுபோய்விட்டா. சாவி எங்கள் பிறிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. நான் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, அவர் எழும்பிவிட்டார் என்று கண்டு, அவர் போடுகிற அந்த வாயில் வைக்க முடியாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

சட்டி இப்போதும் அவர் வீட்டில்தான், நேற்று வைத்த கணவாய்க் கறியோடு. எப்படி நான் இடையில் போய்க் கேட்பது? அவர் ஆறுதலாகச் சாப்பிடுகிற மனுசன் என்று அக்காவிடம் சொல்லு.